யின்–யாங் தத்துவத்தின்படி உங்கள் குணத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்?

என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் யோசிக்காமல் 'யின்' என்பார்கள். அதிகம் பேச மாட்டேன். கூட்டத்தில் ஓரமாக உட்காருவேன். யாராவது அழுத்திப் பேசினால் விட்டுக்கொடுத்துவிடுவேன். சீனாவின் தாவோ மரபில் நிழல், குளிர்ச்சி, அமைதி, ஏற்றுக்கொள்ளும் தன்மை எல்லாம் யின். வெயில், சூடு, வேகம், முந்திக்கொண்டு செய்வது யாங். அந்தக் கணக்கில் என் தம்பி முழு யாங்.

ஆனால் ராசி பார்ப்பது மாதிரி 'நான் யின், நீ யாங்' என்று பிரித்துவிட்டால் தத்துவத்தின் உயிரான பகுதி விட்டுப்போகிறது. இரண்டும் ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே இருப்பவை. 11ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் சோவ் துன்யி இதை அழகாகச் சொல்கிறார்: அசைவு உச்சத்தைத் தொட்டதும் அமைதியாகிறது, அமைதி உச்சத்தைத் தொட்டதும் மறுபடி அசைவு பிறக்கிறது.

எனக்கு இது சரியாகப் பிடிபட்டது யி ஜிங் என்ற பழைய சீனக் குறிநூல் வழியாக. அதில் மூன்று நாணயங்களைச் சுண்டுவார்கள். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டினால் 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்று வரும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கோடு வரைவார்கள். 7 இளைய யாங், 8 இளைய யின். இரண்டும் அப்படியே நிற்கும் கோடுகள். மூன்றும் பூவாக விழுந்தால் 6, முதிர்ந்த யின். மூன்றும் தலையாக விழுந்தால் 9, முதிர்ந்த யாங். முதிர்ந்த கோடு எதிர்க்கோடாக மாறிவிடும். இப்படி ஆறு முறை போட்டால் ஆறு கோடுகள் சேர்ந்து 64 உருவங்களில் ஒன்று கிடைக்கும். குறி கேட்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அமைதியிலேயே நிற்கும் அமைதி, மாறப்போகும் அமைதி என்று இரண்டு உண்டு என்பதை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இதைக் கண்ணாலேயே பார்த்தேன். டாக்டரை நிறுத்திக் கேள்வி கேட்டது, பில் கவுன்ட்டரில் ஒவ்வொரு வரியாக விளக்கம் வாங்கியது, சொந்தக்காரர்களிடம் "இன்றைக்கு யாரும் வர வேண்டாம்" என்று கறாராகச் சொன்னது, எல்லாம் நான். வீட்டையே அதிர வைக்கும் தம்பி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, பாதத்தை மெதுவாக நீவிவிட்டுக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்குள் அந்த மென்மை எப்போதும் இருந்திருக்கிறது. எனக்குள் அந்தக் கறாரும்தான்.

யின் என்றால் பலவீனம் என்று நினைப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். ஹான் வம்ச காலத்துச் சீன அறிஞர் தோங் சோங்ஷு யாங்கை உயர்த்தி, யின்னைத் தாழ்த்தி வைத்தார். தாவோ மரபின் மூலநூலான தாவோ தே ஜிங் போகிற திசையே வேறு. ஆண்மையை அறிந்துகொள், பெண்மையைக் கைவிடாதே என்கிறது அதன் 28ஆம் அத்தியாயம். நான் அந்தப் பக்கம்தான்.

அன்றாடத்தில் எனக்கு இதனால் என்ன பயன்? ஒருவர் தன் வேலையை என் மேல் தள்ளும்போது பேசாமல் இருக்கிறேன், மனசும் லேசாக இருக்கிறது என்றால் அது 8, அப்படியே விடலாம். தாடை இறுகி, ராத்திரி படுத்த பிறகும் சொல்லாத பதில்கள் மனசுக்குள் ஓடினால் அது 6. வெடிக்கும்வரை காத்திருக்காமல், மறுநாள் காலையிலேயே போய்ச் சாதாரணக் குரலில் சொல்லிவிடுவேன்: "இதை நான் எடுக்க முடியாது சார், நீங்களே பார்த்துக்கோங்க."