கியர்பாக்ஸ் உடைந்ததற்குச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் பிடித்தது தவறுங்க. சங்ககிரி லாரிப் பட்டறையில் மெக்கானிக்கான உங்கள் 14,000 ரூபாய் சம்பளத்தில், கியர்பாக்ஸ் உடைந்ததென்று 9,000 பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, உங்கள் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்குத்தான் பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதாவது அந்த மாதம் 7,000 வரைதான்.

பிடித்த 9,000-இல் பழைய அட்வான்ஸும் சேர்ந்திருக்கக்கூடும். கணக்கை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் வண்டியின் ஜாப் கார்டை, அதாவது பழுதும் வேலையும் குறித்த பட்டறைச் சீட்டைப் பாருங்கள். கியர் சத்தம் முன்பே இருந்ததாகப் பதிவிருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி லோடு ஏறணும் என்று விரட்டி வேலை வாங்கிவிட்டு, உடைந்ததெல்லாம் மெக்கானிக் தலையில் என்பது அநியாயம்.

ஆனால் தவறு உங்களுடையதுதான் என்றால், பாதிக்கு மேற்பட்ட தொகை தள்ளுபடி ஆகாது. பின்னால் வசூலிக்க வழி உண்டு. வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பேசியும் தரவில்லையென்றால் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள்.