பனைமரம் ஏன் கிளை விடுவதில்லை, ஏன் பருப்பதில்லை? தண்ணீர் ஊற்றாமல் எப்படி நிற்கிறது? வீட்டில் நட்டால் வருமா?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிப் போட்டிருக்கிறார். மாமரம், வேம்பு எல்லாம் கிளை விட்டுப் பருக்கும்போது பனை மட்டும் ஏன் ஒற்றைத் தூணாகவே நிற்கிறது, வறண்ட மண்ணில் அது எப்படிப் பிழைக்கிறது, வீட்டுத் தோட்டத்தில் நட்டால் வருமா. மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் தொடங்குகிறது: பனைக்குக் கேம்பியம் கிடையாது.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஊரில் வளர்ந்தவன். பிற்பாடு தாவரவியல் பாடம் நடத்திப் பிழைத்தவன். பனை என்றதும் "கற்பகத் தரு, அடி முதல் நுனி வரை பயன்" என்று ஆரம்பித்து நுங்கு, பதநீர், விசிறி, கட்டில் என்று பட்டியல் போடுவது வழக்கம். அந்தப் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். மரம் நமக்கு என்ன தருகிறது என்பதை விட்டுவிட்டு, அது தனக்கு என்ன செய்துகொள்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வேம்பின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ஓர் அடுக்கு உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அதுதான் கேம்பியம். ஆண்டுக்காண்டு அது உள்பக்கம் புதிய கட்டையையும் வெளிப்பக்கம் புதிய பட்டையையும் சேர்த்துக்கொண்டே இருக்கும். மரம் பருப்பதும், வெட்டுக்காயம் மூடிக்கொள்வதும், சில மரங்களில் ஆண்டு வளையம் விழுவதும் அதன் வேலை. பனை ஒருவித்திலைத் தாவரம். நெல், கரும்பு, மூங்கில், வாழை இருக்கும் அணியில் இருப்பது. அதன் தண்டில் இந்த அடுக்கே இல்லை. பழைய கட்டையின் மேல் புதுக் கட்டை ஏற வழியே இல்லை.

அறுவை மில்லில் பனை அறுக்கும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று அறுத்த முகத்தைப் பாருங்கள். வளையம் ஒன்றுகூடத் தெரியாது. வெளிறிய பரப்பில் கறுப்புப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழாய்க் கற்றை; தண்ணீரை மேலே ஏற்றும் குழாயும் சர்க்கரையைக் கொண்டுபோகும் குழாயும் ஒரே கட்டாக அதற்குள் இருக்கின்றன. அந்தக் கற்றையைச் சுற்றி இருக்கும் கெட்டி நார்தான் அந்தக் கறுப்பு. ஓரத்தில் புள்ளிகள் நெருக்கியடித்து, கிட்டத்தட்டக் கருந்திட்டாகவே தெரியும். விரலால் தடவினால் சிலாம்பு ஏறும். உள்ளே போகப் போகப் புள்ளிகள் விலகி, நடுவில் நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் சோற்றுப் பகுதிதான் மிஞ்சும். தச்சர்கள் பனங்கைக்கு, அதாவது கூரைச் சட்டத்துக்கு, ஓரத்தை எடுத்துக்கொண்டு நடுவைக் கழித்துவிடுவது அதனால்தான். காங்கிரீட் தூணில் கம்பியை நடுவில் வைக்காமல் ஓரத்தை ஒட்டிக் கட்டுவார்களே, அதே கணக்கு. காற்று தள்ளும்போது தூணின் விளிம்புதான் இழுவையையும் அழுத்தத்தையும் தாங்குகிறது. நடுவுக்கு வேலை குறைவு.

வெளியே வயிரம், அதாவது கெட்டிப் பகுதி, உடையதைப் புல் என்றும் உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பனை அந்தப் பிரிவில் புல். இதை மேடையில் "அன்றே சொன்ன நவீன அறிவியல்" என்று முழங்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். மரத்தை வெட்டிப் பழகியவர்கள் கண்ணால் கண்டதை ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதுவே போதுமான பெருமை.

சரி, பின்னால் பருக்க முடியாது என்றால் என்ன செய்வது? முன்னாலேயே பருத்துவிட வேண்டும். பனை வாழ்க்கையின் முதல் கட்டம் முழுவதும் இதற்குத்தான் போகிறது. வடலியை, அதாவது இளம்பனையை, பார்த்தால் தரையிலிருந்து ஓலை மட்டும் கிளம்பி நிற்கும், தண்டே தெரியாது. "நட்டு இத்தனை வருஷம் ஆகியும் அப்படியே நிற்கிறது" என்று அலுத்துக்கொள்வார்கள். அப்படியே நிற்கவில்லை. மண்ணுக்கடியில் குருத்தின் அடிப்பாகம் ஆண்டுக்காண்டு அகலமாகிக்கொண்டிருக்கிறது. 30 மீட்டர் வரை போகக்கூடிய மரத்துக்கு வேண்டிய முழுச் சுற்றளவும் சேர்ந்த பிறகுதான் தண்டு மேலே கிளம்பும். கிளம்பிய பிறகு அகலம் கிட்டத்தட்ட அதேதான். சில பனைகள் பாதி உயரத்தில் இடுப்புச் சிறுத்து, மேலே மறுபடி தடித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த உயரத்தில் குருத்து இருந்த காலத்தில் மரத்துக்குக் கெட்ட காலம்: கடும் வறட்சியோ, ஓலையை மொட்டையடித்துவிட்டார்களோ. பிறகு நல்ல மழை பெய்தாலும் அந்த இடுப்பு நிரம்பாது.

மாமரத்தில் பெயரைச் செதுக்கினால் சில ஆண்டுகளில் எழுத்து அகன்று சிதைந்துவிடும். பனையில் செதுக்கினால் செதுக்கிய அளவிலேயே இருக்கும். காயம் மூடுவதும் இல்லை, விரிவதும் இல்லை.

கிளை விஷயத்துக்கு வருகிறேன். பூக்கும் செடிகளில் பொதுவாக இலைக்கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். மாவில், வேம்பில் அந்த மொட்டு கிளையாகலாம். பருவத்துக்கு வந்த பனையில் அந்த மொட்டு பாளையாகிவிடுகிறது. பனையேறி அரிவாளால் சீவிப் பதநீர் இறக்குவது, கிளையாகி இருக்கக்கூடிய ஒன்றிலிருந்துதான். ஆக, தண்டை நீட்டுவதற்கு உச்சியில் உள்ள ஒரே குருத்துதான் மிச்சம். அந்தக் குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்து அழித்தாலோ இடி விழுந்து கருக்கினாலோ கதை முடிந்தது. பக்கத்திலிருந்து துளிர்க்க எதுவும் இல்லை. அபூர்வமாகக் குருத்து சிதைந்து இரண்டாகப் பிரிந்தால் கிளைப்பனை உண்டாகும். செய்தித்தாளில் "அதிசயப் பனை" என்று படம் வருவது அதுதான். எகிப்து, சூடான் பக்கம் வளரும் தூம் பனையும், குஜராத் கரையில் டையூ பக்கம் வளரும் அதன் உறவுக்கார மரமும் இயல்பாகவே கவை கவையாகக் கிளைக்கின்றன. எனவே பனைக் குடும்பத்துக்கே கிளை வராது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நம் பனைக்கு வராது.

எனக்கு இந்த மரத்தில் மிகவும் பிடித்த சங்கதி இனிமேல்தான் வருகிறது. வேம்பில் சர்க்கரையைக் கடத்தும் குழாய்கள் சீக்கிரம் ஓய்ந்துபோகும். கேம்பியம் புதியவற்றைச் செய்து கொடுக்கும். நடுக்கட்டையின் செல்கள் செத்துக் கெட்டிப்படும். பனைக்கு மாற்று உதிரிப்பாகம் கிடையாது. அடித்தண்டில் முதலில் உருவான அதே குழாய்கள் மரம் இருக்கும் வரை வேலை செய்தாக வேண்டும், செய்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள சோற்றுச் செல்களும் கடைசி வரை உயிரோடு இருக்கின்றன. நூறு வயதுப் பனையின் அடியில் நூறு வயதுச் செல்கள் உயிரோடு இருக்கின்றன என்றால் அது அலங்காரப் பேச்சு அல்ல. விலங்குகளிலும் சரி, தாவரங்களிலும் சரி, இவ்வளவு நீண்ட ஆயுள் கொண்ட செல்கள் மிகக் குறைவு. வயதாக ஆக அடித்தண்டின் நார்ச் செல்கள் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போகின்றன. உயரம் கூடக் கூட அடி பருக்க முடியாத மரம், அடியை இறுக்கிக்கொண்டு ஈடுகட்டுகிறது. முற்றிய மரத்தின் அடித்துண்டுக்குத் தச்சர்கள் தனி மதிப்புக் கொடுப்பது இதற்காகத்தான்.

இந்த அமைப்பினால் இன்னொரு லாபமும் உண்டு. மாமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். பனையில் உரிக்க அப்படி ஒரு பட்டையே இல்லை. குழாய்கள் தண்டு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. காய்ந்த புல்லில் பிடித்த தீ அடிமரத்தைக் கருக்கிவிட்டுப் போனாலும் உச்சி பச்சையாகவே இருக்கும். பனை இனங்கள் ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலிருந்து இந்தியா வழியாக நியூகினி வரை பரவியிருக்கின்றன. தீயும் வறட்சியும் மாறி மாறி வரும் நிலங்களில் இந்த உடம்பு செல்லுபடியாகிறது.

வறட்சியை அது சமாளிப்பது விதையிலிருந்தே ஆரம்பிக்கிறது. மண்ணில் விழுந்த கொட்டை முளைக்கும்போது பச்சையை மேலே காட்டாது. விதையிலையின் காம்பு குழாய்போல நீண்டு நேராகக் கீழே இறங்கும். முளையும் அதன் நுனியில் உட்கார்ந்தபடியே ஒரு முழமோ அதற்கு மேலோ ஆழம் போகும். விதையிலையின் மறுமுனை கொட்டைக்குள்ளேயே தங்கி, பஞ்சுபோல் ஊதி, கெட்டிப்பட்ட பருப்பைக் கரைத்து உறிஞ்சும். அந்தப் பஞ்சுதான் நாம் கொட்டையை வெட்டித் தின்னும் தவுண். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். உறிஞ்சிய உணவெல்லாம் கீழே முளையைச் சுற்றிய இளம் இலையுறையில் மாவாகச் சேர்கிறது. அதுதான் பனங்கிழங்கு. கிழங்கு என்று சொன்னாலும் அது வேர் அல்ல. பொங்கலுக்கு அவித்த கிழங்கை இரண்டாகப் பிளந்தால் நடுவில் மெல்லிய குச்சிபோல ஒன்று வருமே, அதுதான் அடுத்து மேலே வர வேண்டிய ஓலை. நுங்கு, தவுண், கிழங்கு மூன்றும் ஒரே சாப்பாடு, குட்டிப் பனைக்காகத் தாய் கட்டிக்கொடுத்தது, வெவ்வேறு கட்டங்களில். எந்தக் கட்டத்தில் நாம் கைவைத்தாலும் ஒரு மரம் குறைகிறது என்பது வேறு விஷயம். எனக்கும் கிழங்கு பிடிக்கும்.

இவ்வளவு ஆழத்தில் குருத்தைப் புதைத்துக்கொண்ட பிறகு மேல்மண் காய்ந்தாலும் மாடு ஓலையைக் கடித்தாலும் தீப் பிடித்தாலும் உயிருக்குச் சேதமில்லை.

ஓலையைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் போதும். அதன் நீளமான பிரிவுகள் தனித்தனி இலைகள் அல்ல. குருத்துக்குள் மடிப்பு மடிப்பாக உருவாகும் ஒரே இலை, வெளியே வரும்போது மடிப்பு வரிகளில் பாதிவரை பிரிகிறது. தென்னையில் அதே பிரிவு நடுநரம்பு வரை போய்விடுவதால் கீற்றுக் கீற்றாகத் தெரிகிறது. வெயில் படாமல் உள்ளே இருக்கும்வரை பச்சையம் சேராததால்தான் குருத்தோலை வெளிறி இருக்கிறது; நார் இன்னும் கெட்டிப்படாததால் பின்னுவதற்கு வளைந்து கொடுக்கிறது. வெளியே வந்ததும் மெழுகுப் பூச்சும் நாரும் சேர்ந்து தோல்போல் தடித்து, நீர் வீணாவதைக் குறைத்துக்கொள்கிறது.

வேரைப் பற்றி இணையத்தில் சுற்றும் கதைகளைக் கொஞ்சம் தணிக்க வேண்டியிருக்கிறது. பனைக்கு நிலத்தடி நீர் வரை போகும் ஆணிவேர் இருப்பதாக எழுதுகிறார்கள். ஆணிவேரே கிடையாது. தண்டின் அடியிலிருந்து கயிறு கயிறாக, ஏறக்குறைய ஒரே தடிமனில், ஏராளமான வேர்கள் கிளம்பிப் பக்கவாட்டிலும் ஆழத்திலும் போகின்றன. அவையும் பருப்பதில்லை. ஆலும் அரசும் சுவரைப் பிளப்பதுபோல் பனைவேர் பிளக்காததற்கு அதுதான் காரணம். குளக்கரையிலும் வரப்பிலும் முன்னோர் தைரியமாக வைத்ததும் அதனால்தான். கரைமண்ணை அந்த வேர்க்கற்றை இறுக்கிப் பிடிக்கும் என்பது உண்மை. பனை நட்டால் ஊர்க் கிணறெல்லாம் தானாக ஊறும் என்பதை நான் சொல்ல மாட்டேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டாவில் தென்னந்தோப்புகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. இறுகிய அடித்தண்டு, வேர்க்கட்டு, உச்சியில் மட்டும் சிறிய தலை, எல்லாம் சேர்ந்துதான் அப்படி நிறுத்தியிருக்கும். ஒன்றுக்கு மட்டும் முழுப் புகழையும் கொடுக்க முடியாது.

கடைசிக் கேள்வி, வீட்டில் நடலாமா. இடம் இருந்தால் தாராளமாக. ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழுந்த பழத்தின் கொட்டையை, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுங்கள். வேறு இடத்தில் முளைக்கவைத்துப் பெயர்த்து நடும்போதுதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது; கிழங்கு முறிந்தால் உள்ளிருக்கும் குருத்தும் போய்விடும். ஆழமான பைகளில் வளர்த்த கன்று கிடைத்தால் பையைக் கிழித்து மண்கட்டியோடு இறக்கலாம். முதல் கோடையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் நல்லது. வடலியின் பச்சை ஓலைகளை அழகுக்காகக் கழிக்காதீர்கள். தண்டின் அகலத்துக்கான கூலி அந்த ஓலைகளிலிருந்துதான் வருகிறது. காய்ந்து தொங்குவதை மட்டும் எடுங்கள், மட்டையின் கருக்கு கையை அறுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பாளை வருவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதுவரை எது எதுவென்று வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க வழியில்லை. நுங்கு வேண்டும் என்றால் ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து கொட்டைகளாக ஊன்றி வையுங்கள்.