மலைக்குளிரும் ஹீட் பம்பும்: கேள்வி பதில்

உறைபனி தொடங்கியதிலிருந்து வீட்டைச் சூடாக்குவது பற்றியே எல்லாரும் கேட்கிறார்கள். குளிர்பதன வேலையிலேயே காலம் போன ஆள் என்பதால் எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

கேள்வி (ஆசிரியை, கோத்தகிரி): சார், விடிகாலையில் வெளியே 4 டிகிரி. அந்தக் காற்றிலிருந்து ஹீட் பம்ப் வெப்பத்தை எடுக்கும் என்கிறார்கள். குளிர்ந்த காற்றில் ஏது வெப்பம்?

பதில்: இருக்கிறது டீச்சர். பிரிட்ஜின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே வைத்த பாலிலும் மாவிலும் இருந்து எடுத்த வெப்பம் அது. ஹீட் பம்ப் செய்வதும் இதே வேலைதான். வெளியே உள்ள காயிலில், அதாவது சுருள் குழாயில், ஓடும் கேஸ், பூஜ்யத்துக்குக் கீழேயே கொதிக்கக்கூடியது. 4 டிகிரிக் காற்றே அதற்குச் சூடு. அந்தச் சூட்டில் ஆவியாகி, கம்ப்ரஸர் அழுத்தியதும் இன்னும் சூடேறி, உள்ளே வந்து வெப்பத்தை இறக்கிவிட்டுப் போகும். ஒரு யூனிட் கரண்டுக்கு ராட் ஹீட்டர் ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். இது நம் ஊர்க் குளிரில் இரண்டரை முதல் மூன்று யூனிட் வரை தரும். ஐரோப்பாவில் வீடுகளில் ஹீட் பம்ப் அதிகமாக உள்ள நாடுகள் நார்வேயும் ஸ்வீடனும் பின்லாந்தும்தான். குளிரில் வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி (ஓய்வுபெற்றவர், ஊட்டி): பழைய ஓட்டு வீடு. கணப்பு இருக்கிறது, விறகு கிடைப்பதில்லை. ஆயில் ஹீட்டர் போட்டால் பில் எகிறுகிறது. ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் அய்யா, அதுவும் ஒரு ஹீட் பம்ப்தான். ஆனால் அது இரண்டாவது வேலை. முதலில் இன்று ராத்திரி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தை ஒட்டியும் கதவுக்கு அடியிலும் பிடித்துப் பாருங்கள். புகை நேராக மேலே போகாமல் வளைந்து ஓடும் இடமெல்லாம் உங்கள் காசு போகிற வழி. பழைய பங்களாக்களில் பெரிய ஓட்டையே அந்தக் கணப்பின் புகைபோக்கிதான். எரிக்காத நாளிலும் அறையின் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இனிமேல் எரிக்கப் போவதில்லை என்றால் அதை நன்றாக அடைத்துவிடுங்கள். அடுத்தது சீலிங். ஓட்டுக்குக் கீழே பலகை அடித்திருந்தால், அதன் மேல் கண்ணாடிக் கம்பளி ஒரு வரிசை விரிக்கலாம். ஜன்னலுக்குத் தரை வரை தொங்கும் கனமான திரை.

இவ்வளவும் செய்த பிறகு, தூங்குகிற ஒரே ஒரு அறைக்கு இன்வெர்ட்டர் வகை ஹாட் அண்ட் கோல்ட் ஏசி போடுங்கள். கடையில் ஸ்டார் லேபிளைக் காட்டுவார்கள். அது குளிர்விக்கும் திறனுக்கான மதிப்பெண், சூடாக்குவதற்கு அல்ல. வெளியே எத்தனை டிகிரி வரை ஹீட்டிங் ஓடும், அப்போது எவ்வளவு வெப்பம் தரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் அவுட்டோர் ஃபேன் அள்ளும் காற்றின் எடையும் குறையும். கணக்குக்கு வரும் அளவைவிட ஒரு படி பெரியதாக எடுப்பது நல்லது. மஞ்சு மூடிய நாளில் காயிலில் ஐஸ் கட்டும். மெஷின் சில நிமிடம் நின்று அதைக் கரைத்துக்கொள்ளும், அது கோளாறு இல்லை. அந்தத் தண்ணீர் வடிய அவுட்டோரைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

கேள்வி (ஹோம்ஸ்டே நடத்துபவர், குன்னூர்): ரூமுக்கு இருக்கட்டும் அண்ணா, எனக்குச் சுடுதண்ணிதான் செலவு. ஜீசரா, கேஸா, ஹீட் பம்பா?

பதில்: சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். நம் மலையில் ஹீட் பம்புக்கு முதல் வேலை தண்ணீர்தான் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். அறையைச் சூடாக்குவது வருஷத்தில் சில மாதம். வெந்நீர் வருஷம் முழுக்க.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 200 லிட்டர், 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற 7 யூனிட் வெப்பம் வேண்டும். ஜீசரில் அது அப்படியே 7 யூனிட் கரண்ட், இரண்டு மாதத்துக்கு 420. ஹீட் பம்பில் தினம் இரண்டரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 150. வீட்டு இணைப்பில் இந்த வித்தியாசம் இன்னும் உறைக்கும். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் கையை விட்டுப் போய்விடும். விளக்கு, டிவி, மிக்ஸிக்கு 150 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஜீசர் வீடு 570க்குப் போகும், ஹீட் பம்ப் வீடு 300ல் நிற்கும். கேஸ் ஜீசர் என்றால் இதே தண்ணீருக்கு 14.2 கிலோ சிலிண்டர் இருபது நாள் வரும்.

கரியமில வாயுவையும் சொல்லிவிடுகிறேன். நாட்டில் சராசரியாக ஒரு யூனிட் கரண்டுக்கு 700 கிராம் அளவில் வெளியாகிறது. அந்த 200 லிட்டருக்கு ஜீசரில் ஏறக்குறைய 5 கிலோ, கேஸில் 2 கிலோ, ஹீட் பம்பில் 1.75 கிலோ. இன்றைக்கு கேஸை விடக் கொஞ்சம்தான் குறைவு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் காற்றாலையும் சோலாரும் ஏற ஏற ஹீட் பம்பின் எண் தானாக இறங்கும், கேஸின் எண் அங்கேயே நிற்கும். மெஷின் விலை ஜீசரைப் போலப் பல மடங்கு. வெந்நீர் அதிகம் செலவாகும் உங்களுக்குப் போட்ட பணம் திரும்பும். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (ஊட்டி): ராத்திரி இரும்புச் சட்டியில் கங்கு வைத்துக்கொள்கிறோம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா?

பதில்: போதாது. தயவுசெய்து வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் கங்குதான் அதை அதிகம் விடும். தூக்கத்தில் தெரியாது, எழுந்திருக்கவும் முடியாது. அடுப்புக் கரியை அறைக்குள் கொண்டுபோய்ப் படுத்தவர்கள் இறந்த செய்திகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கின்றன. படுக்கப் போகும் முன் சட்டி வீட்டுக்கு வெளியே போய்விட வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர், குன்னூர்): ஜெர்மனியில் ஹீட் பம்ப் சட்டத்தால் அரசாங்கமே ஆடிப்போனது என்று படித்தேன். நல்ல மெஷின் என்றால் ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

பதில்: மெஷினை யாரும் வெறுக்கவில்லை தம்பி. யார் பணம் கட்டுவது என்பதுதான் சண்டை. 2023இல் வந்த அந்தச் சட்டம், புதிதாகப் பொருத்தும் ஹீட்டிங் 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் ஓட வேண்டும் என்றது. பழைய பாய்லர் ரிப்பேரானால் என்ன செய்வது என்று வயதானவர்கள் பயந்தார்கள். மானியம் பற்றித் தெளிவாகச் சொல்வதற்கு முன்பே தடை பற்றிய பேச்சு வெளியே வந்துவிட்டது. பிறகு 70 சதவீதம் வரை மானியம் என்றும், பழைய கட்டடங்களுக்குக் கூடுதல் அவகாசம் என்றும் தளர்த்தினார்கள். பிரிட்டனில் 7,500 பவுண்டு மானியம் தருகிறார்கள். ஆனால் அங்கே ஒரு யூனிட் கரண்டின் விலை கேஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. மூன்று மடங்கு வெப்பம் தரும் மெஷினை வைத்தும் பில் குறையாது. நார்வேயில் நீர்மின்சாரம் மலிவு, ஸ்வீடன் 1991லேயே கார்பன் வரி போட்டது. அங்கே ஜனங்கள் தாங்களாகவே மாறினார்கள். கரண்ட் விலையைச் சரி செய்யாமல் மெஷினைத் திணித்தால் சண்டைதான் வரும்.

நமக்கும் இது பொருந்தும். சமவெளிக்காரருக்கு வெயிலில் ஏசி, நமக்குக் குளிரில் ஹீட்டர். ஆனால் நம் ஊரில் அது சொகுசு இல்லை. 1932இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்த மலைத் தண்ணீர் கீழே உள்ளவர்களுக்கும் விளக்கேற்றுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலைப்பகுதி வீடுகளுக்கு 500 யூனிட் வரம்பை உயர்த்தித் தாருங்கள் என்று நாம் உரிமையோடு கேட்கலாம்.

கேள்வி (குந்தா): எங்கள் ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) வோல்டேஜ் குறைவு. தாங்குமா?

பதில்: 3 கிலோவாட் ஜீசர் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் சிறிய ஹீட் பம்ப் இழுக்கும். கரண்ட் லைனுக்கு இதுவே சுலபம். ஸ்டெபிலைசர் கட்டாயம்.

கேள்வி (தோட்டத் தொழிலாளி, கோத்தகிரி பக்கம்): அண்ணா, தோட்டத்து வரிசை வீடான லைன் வீட்டில் இருக்கிறோம். தகரக் கூரை. சீகை விறகு பொறுக்கி எரிக்கிறோம், புகையில் பிள்ளைக்கு இருமல். நீங்கள் சொல்கிற மெஷினெல்லாம் எங்களுக்கு எங்கே?

பதில்: அக்கா, இத்தனை கேள்விகளில் இதுதான் எனக்கு முக்கியம். தகரத்துக்கு அடியில் எந்த மெஷினை வைத்தாலும் வெப்பம் நிற்காது. உங்களுக்கு முதலில் வேண்டியது சீலிங். தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே கண்ணாடிக் கம்பளி இருந்தால் அடுப்புச் சூடே வெகுநேரம் தங்கும். ஆனால் அடுப்புக்குப் புகைபோக்கி வைக்காமல் வீட்டை அடைக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல்தான் வைத்தது. அதனால் தனித்தனியாகக் கேட்காமல் லைன் முழுக்கச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். வெந்நீருக்கு வீட்டுக்கு ஒரு மெஷின் தேவையில்லை. பத்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு பெரிய ஹீட் பம்பும் டேங்கும் போதும், வேலை முடிந்து வந்ததும் குளிக்கலாம். அரசாங்க மானியம் வந்தால் முதலில் வர வேண்டிய இடம் இதுதான். மனுவில் எத்தனை லிட்டர், என்ன சைஸ் என்று எழுத வேண்டுமானால் லைனில் எத்தனை வீடு, எத்தனை பேர் என்று அனுப்புங்கள், நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.