வலையிலிருந்து வந்த பை

மதிப்பிற்குரிய ஐயா,

பழைய ஆங்கிலக் கதை ஒன்றை என் மாணவிகளுக்காகத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஒரு சீமாட்டி ‘ரெட்டிக்யூல்’ வைத்திருக்கிறாள். அகராதி ‘கைப்பை’ என்கிறது. வேறொரு கதையில் அதே பை ‘ரிடிக்யூல்’ என்று வருகிறது. அது கேலியைக் குறிக்கும் சொல் அல்லவா?

— ஒரு வாசகி, நிலாவெளி, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

லத்தீனில் ‘ரேட்டே’ என்றால் வலை; ‘ரெட்டிகுலும்’ என்றால் சிறுவலை, வலைப்பை. சிசிலியின் ஆளுநராக இருந்த வெர்ரெஸ்மீது கி.மு. 70இல் வழக்குத் தொடுத்த ரோமானியப் பேச்சாளர் சிசரோ, அவன் ரோஜா நிரப்பிய ரெட்டிகுலுத்தை முகர்ந்தபடி பல்லக்கில் பவனி வந்ததைச் சொல்லிச் சாடுகிறார். அந்தச் சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

அதைப் பெண்களின் கையில் கொடுத்தது உடைமாற்றம். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் பணத்தையும் லேஞ்சியையும் பாவாடைக்குள் இடுப்பில் நாடாவால் கட்டிய பையில் வைத்தார்கள். பாவாடையில் விட்ட பிளவுக்குள் கைவிட்டு எடுப்பார்கள். நூற்றாண்டின் இறுதியில், மார்புக்குச் சற்றுக் கீழிருந்து மெல்லிய மஸ்லின் ஒட்டி விழும் உடை வந்தது. உள்ளே பை கட்டினால் புடைத்துத் தெரியும். ஆகவே பை வெளியே வந்து, சுருக்குக் கயிற்றோடு மணிக்கட்டில் தொங்கியது.

‘ரிடிக்யூல்’ சிரிப்பைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஒலி நெருக்கத்தால் பையோடு ஒட்டிக்கொண்டது. புதுப்பாணியை நகையாடியவர்களுக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும். ஹங்கேரி மொழியில் இன்றும் சாதாரணக் கைப்பைக்கு ‘ரெட்டிக்யூல்’ என்றே பெயர்.

உங்கள் மாணவிகளுக்கு இதைச் சொல்ல நிலாவெளிக் கரையே போதும். கரைவலையில் மீன் சேரும் பைப்பகுதியை ‘மடி’ என்கிறோம். காசு முடியும் இடுப்புச் சேலையும் மடிதான். ‘மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்.’ லத்தீனில் வலையின் பெயர் பைக்குப் போனது; நம்மிடம் பையின் பெயர் வலைக்குப் போயிருக்கிறது. இந்த அழகை அவர்கள் தாங்களே கண்டுபிடிக்க விடுங்கள்.

மொழிபெயர்ப்பில் ‘சுருக்குப் பை’ என்றே எழுதுங்கள். கைப்பை என்றால் இன்றைய தோற்பையும் அதன் பூட்டும்தான் கண்முன் வரும். கேலி தொனிக்கும் இடத்தில் மட்டும் ‘ரிடிக்யூல்’ என்பதை அப்படியே வைத்து, கீழே ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.