1940களில் ஈரானின் அபாதான் ஊரில் ஒரே எண்ணெய் ஆலைத் தொழிலாளர்கள் இனம் பார்த்து மோதிக்கொண்டது ஏன்?

பழைய இனப்பகை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாருக்கு எந்த வேலை, எந்த வீடு என்பதையே அந்த ஊரில் இனம் பார்த்துத்தான் பிரித்திருந்தார்கள்.

ஈரானின் தென்மேற்கு மூலையில் 1912-ல் ஓடத் தொடங்கிய பிரிட்டிஷ் கம்பெனியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அது. தொழில் தெரிந்த ஆட்களை ரங்கூன் ஆலையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்தார்கள். மேலே ஆங்கிலேயர், நடுவில் ஃபிட்டர், கிளார்க் வேலைகளில் இந்தியர், அடியில் ஈரானியரும் உள்ளூர் அரபுகளும். ஆங்கிலேயருக்கு பிரெய்ம் பகுதியில் தோட்டம் வைத்த பங்களா. கூலியாட்களில் பலருக்குக் குடிசைதான். வெளிநாட்டவரைப் படிப்படியாகக் குறைக்கிறோம் என்று 1933 ஒப்பந்தத்தில் கம்பெனி எழுதிக்கொடுத்தது. அதற்குப் பிறகும் நடுப்படியில் இந்தியர் இருந்தால், அடியில் இருப்பவருக்கு அவர்மேல்தானே கோபம் வரும்? 1942-ல் அபாதானின் பஹ்மஷீர் பகுதியில் இந்தியரும் ஈரானியரும் அடித்துக்கொண்டார்கள். (இந்தியர்களும் ஒன்றும் சுகமாக இல்லை. 1920களின் தொடக்கத்திலேயே அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள்தான்.)

சரி, பெரிய கலவரத்துக்கு வருவோம். 1946 மே மாதம் வந்த தொழிலாளர் சட்டப்படி வெள்ளிக்கிழமை விடுமுறைக்கும் சம்பளம் உண்டு. கம்பெனி தரவில்லை. ஜூலையில் ஈரானின் கம்யூனிஸ்ட் கட்சியான தூதேயின் தொழிற்சங்கம் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதற்குச் சற்று முன்புதான் உள்ளூர் அரபுக் குலத் தலைவர்களான ஷேக்குகள் தனியாக ஒரு சங்கம் கட்டியிருந்தார்கள். அதன் முன்வரிசையில் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர்களும் இருந்தார்கள் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. தூதே சங்கம் வளர்ந்தால் கான்ட்ராக்டரின் பிழைப்பு போகும்; கான்ட்ராக்டர் போனால் அவர் வழியாக வேலைக்கு வந்த அரபுக் கூலிக்கு நாளைக்கு யார் வேலை தருவது? வெளியிலிருந்து பார்த்தால் பாரசீக மொழி பேசும் ஈரானியருக்கும் அரபுகளுக்கும் சண்டை. அரபுச் சங்க அலுவலகத்தைக் கொளுத்தினார்கள், பலர் செத்தார்கள், ராணுவச் சட்டம் வந்தது. அடுத்த மாதம் பிரிட்டன் பக்கத்து நாடான இராக்கின் பாஸ்ராவில் கொண்டுவந்து இறக்கியதும் இந்தியப் படையைத்தான்.

அரபுச் சங்கத்தைக் கம்பெனிதான் தூண்டிவிட்டது என்று தூதே தரப்பு சொன்னது. தூண்டிவிட்டிருக்கலாம், ஆனால் அப்படி ஒரு ஏற்பாட்டில் தனியாகத் தூண்ட வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறேன். வேலைநிறுத்தம் சில நாட்களில் முடிந்தது. வெள்ளிக்கிழமைச் சம்பளத்துக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. கான்ட்ராக்ட் முறை மட்டும் அதன்பிறகும் நடந்துகொண்டிருந்தது.