மெல்டர்ஸ் எழுதாத கடிதம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர் விமானி ஒருவரை வைத்து நாவல் எழுதுகிறேன். படித்த நினைவுக் குறிப்புகளில் எல்லோருமே அரசியல் அறியாத கண்ணியவான்களாக வருகிறார்கள். நம்பலாமா? வேறு எங்கே தேடுவது?

பதில்: உங்கள் சந்தேகம் சரிதான். ஜெர்மன் போர் விமானிகளின் தளபதியாக இருந்த அடால்ஃப் காலண்டின் நினைவு நூல் 1953-ல் வந்தது. தோற்ற பிறகு எழுதியது, பழியில் பெரும்பங்கு விமானப்படைத் தலைவர் கோரிங் தலையில். வானில் நடந்த சண்டைக்கு அது நல்ல சாட்சி. எழுதியவரின் மனதுக்கு அவ்வளவு நம்பமாட்டேன்.

நான் முதலில் போவது ஒட்டுக்கேட்புப் பதிவுகளுக்குத்தான். லண்டனின் வட எல்லையில் ட்ரென்ட் பார்க் மாளிகை, பிறகு லாட்டிமர் ஹவுஸ், வில்டன் பார்க். மூன்றிலும் கைதிகளின் அறைகளில் பிரிட்டிஷ் உளவுத்துறை மைக் ஒளித்து வைத்திருந்தது. விசாரணை முடிந்து திரும்பிய விமானி, அதிகாரியிடம் எதை மறைத்தேன் என்று அறைத்தோழனிடம் பேசுவார். வேறொரு அறையில் அது இசைத்தட்டில் பதிவாகும். வரலாற்றாசிரியர் சோன்கே நைட்சல் 2001-ல் இந்தப் பேச்சுகளை எழுதி வைத்த கட்டுகளைப் பார்த்தார். அவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 208 வரிசையில் இருக்கின்றன. எஸ்.ஆர்.ஏ. என்று எண்ணிட்டவை விமானப்படையினர் பேசியவை. சாலையில் போனவர்களைச் சுட்டதை வேட்டைக்கதை போலச் சொல்பவர்களை அங்கே பார்க்கலாம். அப்புறம் ஒன்று: இருபது வயதுப் பையன்கள் அறைத்தோழனிடம் கொஞ்சம் அளந்தும் விடுவார்கள். சுட்டு வீழ்த்திய எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசிய தொனியைக் கவனியுங்கள்.

கடிதங்களில்தான் கண்ணி அதிகம். சுட்டு வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையில் முதன்முதலில் நூறைத் தாண்டிய ஜெர்மன் விமானி வெர்னர் மெல்டர்ஸ், 1941 நவம்பர் 22 அன்று விமானப்படைத் தளபதி உடெட்டின் இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில் பிரெஸ்லாவ் அருகே விபத்தில் இறந்தார். சில வாரங்களில், ஷ்டெட்டின் நகரப் பாதிரியாருக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதம் பரவியது. ஆட்சியை விட கிறிஸ்தவ விசுவாசமே பெரிது என்ற தொனி. தேவாலயங்களில் அதை உரக்க வாசித்தார்கள். எழுதியதோ பிரிட்டிஷ் ரகசியப் பிரசாரப் பிரிவு! மெல்டர்ஸ் நிஜமாகவே பக்திமான், அதனால்தான் அது எடுபட்டது.

ஆகவே ஒரு கடிதமோ டைரியோ கிடைத்தால், அசல் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் உங்கள் விமானியின் வாயில் அந்த வரிகளை வைக்க வேண்டாம்.