அழிந்துபோன தரவும் திறந்த கதவும்: ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

கோவையில் 30 பேர் வேலை செய்யும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். பள்ளிகள் ஆன்லைனில் கட்டணம் வாங்குவதற்கான சேவையை நடத்துகிறோம். போன மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தவறான சர்வரில் ஒரு கட்டளையைத் தட்டிவிட்டான். மூன்று மணி நேரப் பதிவுகள் போய்விட்டன. நடந்ததை அப்படியே பள்ளிகளுக்கு எழுதலாம் என்றேன். முதலாளியோ, "வெளியே சொன்னா கஸ்டமர் ஓடிப்போயிடுவாங்க. வெளிப்படைத்தன்மை எல்லாம் பெரிய கம்பெனிக்காரன் பண்ற விளம்பரம்" என்று சொல்லி, "தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பச் சொன்னார். பையனை வேலையை விட்டு அனுப்பும் பேச்சும் ஓடுகிறது. அவர் சொல்வதில் நியாயம் உண்டா?

அன்புடன்,
கவிதா

அன்புள்ள கவிதா,

உங்கள் முதலாளியின் பயம் எனக்குப் புரிகிறது. 30 குடும்பங்கள் அவரை நம்பி இருக்கின்றன. ஆனால் அவர் எடுத்த முடிவு சரியில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிட்லேப் நிறுவனத்தின் நினைவுதான் வந்தது. நடந்தது கிட்டத்தட்ட உங்கள் கதையேதான், அளவுதான் பெரிது.

கிட்லேப் என்பது நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்து, சேர்ந்து வேலை செய்யும் இடம். உக்ரைனில் த்மித்ரோ ஸபரோஷெட்ஸ் என்பவர் 2011-ல் தொடங்கியது. அப்போது அவர் இருந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது, பொதுக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். தினமும் கிணற்றுக்கு நடப்பதைவிட நிரலாளர்கள் சேர்ந்து வேலை செய்ய நல்ல கருவி இல்லாததுதான் அவருக்குப் பெரிய குறையாகப் பட்டதாம்.

2017 ஜனவரி 31, இரவு. அவர்கள் சேவையின் டேட்டாபேஸ், அதாவது தரவுகள் எல்லாம் இருக்கும் கிடங்கு, அன்று மாலையிலிருந்து திணறிக்கொண்டிருந்தது. முதன்மை சர்வரின் நகலாக ஓட வேண்டிய இரண்டாவது சர்வர் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நகலெடுக்கும் கட்டளை எந்தச் செய்தியும் காட்டாமல் அப்படியே நின்றது. இரண்டாவது சர்வரில் பழைய கோப்புகள் கிடப்பதுதான் காரணமோ என்று நினைத்து, அந்தக் கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடிகளில்தான் உறைத்தது, அவர் இருந்தது முதன்மை சர்வரில். உடனே நிறுத்தினார். 300 ஜிபிக்கு மேல் இருந்த தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் (பத்திரத்துக்காக எடுத்து வைக்கும் நகல்) இருக்குமே என்று போனார்கள். தினமும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு ஒன்று, டேட்டாபேஸின் பதிப்பு வேறு. அதனால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. அனுப்பியவரைச் சரிபார்க்கும் சோதனையில் சிக்கி நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறு வழிகளும் கைகொடுக்கவில்லை. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவர்களே சொன்னார்கள். சரிசெய்துகொண்டிருக்கும்போதே, தாங்கள் குறிப்பெழுதிய கூகுள் ஆவணத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். யூடியூபில் நேரலை போட்டார்கள். ஒரு கட்டத்தில் 5,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். நினைத்துப் பாருங்கள், வீடு பற்றி எரியும்போது வாசல் கதவைத் திறந்து வைப்பது லேசான காரியமா? சேவை திரும்ப வரச் சுமார் 18 மணி நேரம் ஆனது. நிரல்கள் போகவில்லை. ஆனால் ஏறக்குறைய 5,000 திட்டங்களின் விவரங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இந்த எண்களையும் பிப்ரவரி 10 அன்று அவர்களே எழுதினார்கள். எந்த மணியிலிருந்து எந்த மணி வரையான தரவு போனது என்றும் சொன்னார்கள். பயனருக்கு வேண்டியது அதுதான். தான் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். சில வருடங்களுக்கு முன் ஒரு சேமிப்புச் சேவையில் என் வரைவுகள் சில காணாமல் போயின. "தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்" என்று உங்கள் முதலாளி அனுப்பச் சொன்ன அதே வரி எனக்கும் வந்தது. எந்த நாள் எழுதியது போனது, எது இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு நாள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். தரவு போனதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த இரண்டு நாளை மன்னிக்க முடியவில்லை, அந்தச் சேவையை விட்டுவிட்டேன். உங்கள் பள்ளி அலுவலகங்களில் இன்று ஒரு அம்மா ரசீதுப் புத்தகத்தையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார், எந்தப் பிள்ளையின் கட்டணம் ஏறவில்லை என்று. அவருக்கு அந்த மூன்று மணி நேரம் எது என்று சொல்லுங்கள். அவர் வேலை பாதியாகக் குறையும்.

கிட்லேப்பின் அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'ஏன்' என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். ஏன் பேக்கப் வேலை செய்யவில்லை? ஏன் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை? கடைசி விடை: அது யாருடைய பொறுப்பு என்று வரையறுக்கப்படவே இல்லை. கட்டளை தட்டிய பொறியாளரின் பெயர் அந்த அறிக்கையில் இல்லை, குழு உறுப்பினர் என்று மட்டும் இருக்கிறது. அப்புறம் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, எந்த சர்வரில் இருக்கிறோம் என்று திரையிலேயே பளிச்சென்று தெரியும்படி மாற்றுவது. சாதாரண விஷயம்தான். ஆனால் ஓர் ஆளைத் துரத்தியிருந்தால் இது அவர்களுக்குத் தோன்றியிருக்காது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

'விளம்பரம்' என்கிறாரே உங்கள் முதலாளி, அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 2019 அக்டோபரில் இதே நிறுவனம், பயனர்களின் நடவடிக்கைகளைக் கண்காணிக்கும் கருவிகளைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. பயனர்கள் கொதித்தார்கள். அதே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டு, தலைமைச் செயல் அதிகாரி மன்னிப்பும் கேட்டார். திறந்து பேசிப் பழக்கிவிட்டால், பிறகு மக்கள் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லியாக வேண்டும். வெறும் விளம்பரத்துக்காக யாரும் இந்தத் தொல்லையை இழுத்துக்கொள்ள மாட்டார்கள். கஸ்டமர் ஓடிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் ஒன்று சொல்லுங்கள்: டேட்டாபேஸை அழித்துவிட்டு அதை மீட்பதை நேரலையில் காட்டிய அந்த நிறுவனம் 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. அதற்கு வேறு காரணங்கள் நூறு இருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னதால் அது மூழ்கிவிடவில்லை.

நாளைக்கே பள்ளிகளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது, எந்தப் பதிவுகள் போயின, பெற்றோர் கட்டிய பணம் பத்திரமாக இருக்கிறதா, பள்ளி என்ன செய்ய வேண்டும், நீங்கள் எதை மாற்றியிருக்கிறீர்கள். அவ்வளவு போதும். முதலாளி கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அனுப்புவதற்கு முன்பு உங்கள் பேக்கப்பை ஒரு காலிக் கணினியில் ஏற்றிப் பாருங்கள், ஏறுகிறதா என்று.

அந்தப் பையன் எப்படி இருக்கிறான்? ராத்திரி தூங்கியிருக்க மாட்டான். அவனை அனுப்பிவிட்டார்களா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா